கூடாரம் வாங்கும் முன் தையலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகக்கூடிய இடங்களைப் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. அல்கொன்குயின், சான்ட்பாங்ஸ், கில்பெயார் என்று நல்ல இடங்களாகவே தெரிந்து எழுதியிருந்தீர்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பே இடம் பதியலாம் என்பதையும் மறக்காமல் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கூடாரத்தைப் பற்றி, "ஒரு கூடாரமும் எடுத்துச் செல்லுங்கள்" என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த வரி போதாது என்பதை நாங்கள் ஓர் இரவு முழுக்க நனைந்துதான் தெரிந்துகொண்டோம். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உடை திருத்தும் கடையொன்றில் தையல் வேலை செய்கிறேன். ஊர் கிளிநொச்சி. என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் படுத்த கூடாரம் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில், போரால் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த முகாமில். மூத்தவன் அப்போது ஆறு மாதக் குழந்தை. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. ஓகஸ்ட் மாதம் மழை கொட்டியபோது வெள்ளம் உள்ளே வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா விடியும்வரை குந்தியிருந்தார். அங்கே இருந்த லட்சக்கணக்கான சனத்தில் பலர் இன்று இந்த நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பத்து வருடம் கழித்து, அந்தப் பிள்ளைதான் பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, நாங்களும் காம்பிங் போவோம்" என்று கேட்டான். அம்மா குசினியில் நின்றார். "காசு குடுத்தும் ஆராவது கூடாரத்துக்குள்ள போய்ப் படுப்பினமோ?" என்று என்னைத்தான் கேட்டார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பேரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் வருகிறேன் என்றார்.

2019 யூலையில் பிரெஸ்கீல் பூங்காவுக்குப் போனோம். ஒன்ராறியோ ஏரிக்கரையில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கூடாரத்தை ஒரு கடையின் விளம்பரத் தாளைப் பார்த்து 89 டொலருக்கு வாங்கியிருந்தோம். பெட்டியில் ஆறு பேர் படம், "6" என்ற பெரிய எண், "நீர் புகாது" என்ற சொல். நாங்கள் ஐந்து பேர், ஆகவே சரி என்று நினைத்தோம். இரவு பதினொரு மணிக்கு ஏரிப்பக்கம் இருந்து காற்றோடு மழை பிடித்தது. முதலில் கூரைத் தையல் வழியே சொட்டு. அப்புறம் பக்கவாட்டு வலை வழியே சாரல். கொஞ்ச நேரத்தில் தரையிலும் தண்ணீர் ஊறி, மெத்தைகளின் கீழே தேங்கத் தொடங்கியது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பி, சின்னவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்க் காரின் முன் இருக்கையில் இருந்தார். விடியும்வரை அப்படியே இருந்தார். முன்பு பேரன் இருந்த மடியில் இப்போது பேத்தி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த வெட்கமும் கோபமும் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கூடாரத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, திருத்த வந்த உடுப்பைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். பார்த்தபிறகு, அது நனையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று விளங்கியது.

தையல் தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விடயம். ஊசி போகும் ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. ஓர் அங்குலத்துக்கு எட்டு, பத்துத் தையல் என்றால், இருபதடித் தையலில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஓட்டைகள். துணிக்கு எவ்வளவு பூச்சுப் பூசினாலும் தையலுக்குப் பிறகு அந்த ஓட்டைகள் அங்கேதான் இருக்கும். அதனால் நல்ல கூடாரங்களில் தையலின் உட்பக்கம் முழுவதும் கண்ணாடிபோன்ற ஒரு நாடாவைச் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். எங்கள் கூடாரத்தில் கூரையின் நடுத்தையலில் மட்டும் நாடா இருந்தது. கயிறு கட்டும் வளையங்கள் தைத்த இடங்களில் இல்லை. தரைத்துணி சுவரோடு சேரும் இடத்திலும் இல்லை. அந்தத் தரைத்தையல் மண்ணோடு மண்ணாக, தண்ணீர் நிற்கும் மட்டத்திலேயே ஓடியது. நல்ல கூடாரத்தில் தரைத்துணி குளியல் தொட்டிபோல நாலு பக்கமும் ஒரு சாண் உயரம் மேலே எழும்பி, அதற்குப் பிறகுதான் சுவரோடு சேரும். கடையில் ஒன்று விரித்து வைத்திருந்தால் உள்ளே குனிந்து போய் மூலைகளைப் பாருங்கள். நாடா மூலைவரை போகிறதா, நடுவில் நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது.

அடுத்தது மேல்விரிப்பு. உள்கூடாரம் மூச்சு விடவேண்டும் என்பதற்காக அதன் கூரையிலும் சுவரிலும் வலை வைத்திருப்பார்கள். மழையைத் தடுப்பது அதற்கு மேலே போடும் இன்னொரு துணிதான். மலிவான பல கூடாரங்களில் அது தொப்பிபோல உச்சியை மட்டும் மூடும். மழை செங்குத்தாகப் பெய்தால் அது போதும். ஏரிக்கரையில் எந்த மழை செங்குத்தாகப் பெய்கிறது? மேல்விரிப்பு நாலு பக்கமும் நிலத்திலிருந்து ஒரு கையளவு உயரம்வரை இறங்கவேண்டும். வாசல் பக்கம் இன்னும் கொஞ்சம் நீண்டு திண்ணைபோல நின்றால் மிகவும் நல்லது. நனைந்த செருப்புகளை அங்கே விடலாம். கதவைத் திறந்தவுடன் மழை நேராகப் படுக்கைக்கு மேலே விழாது. என்னைக் கேட்டால், வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒன்றைப் பார்த்து வாங்குங்கள் என்பேன்.

துணியைப் பற்றியும் சொல்லவேண்டும். துணிமேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனால், எந்த உயரத்தில் தண்ணீர் துணியைத் தாண்டிக் கசிகிறதோ அதை மில்லிமீற்றரில் சொல்வார்கள். 1500 என்றால் ஒன்றரை மீற்றர் உயரத் தண்ணீரைத் தாங்கியது என்று பொருள். மேல்விரிப்புக்கு 1500 போதும். தரைக்கு 3000 ஆவது இருக்கவேண்டும். ஆட்கள் முழங்காலை ஊன்றும்போது அந்தச் சின்ன இடத்தில் முழுப்பாரமும் இறங்கி, ஈரமண்ணிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும். பெட்டியில் இந்த எண் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். "டெனியர்" என்ற இன்னொரு எண்ணும் இருக்கும். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அது. எண் கூடக்கூட நூல் தடிப்பு. தரைத்துணி தடிப்பாக இருப்பது நல்லது. நைலோனா, பொலியெஸ்டரா என்றால், காரில் போகிறவர்களுக்கு நான் பொலியெஸ்டரைத்தான் சொல்வேன். நனைந்தால் நைலோன் இழுபட்டுத் தொங்கும், பொலியெஸ்டர் அவ்வளவு தொங்காது. வெயிலையும் கூடத் தாங்கும்.

காரில் போகிறவர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைகளில் ஆயிரம் டொலர் விலையில் இருக்கும் பல கூடாரங்கள் முதுகில் சுமந்து மலையேறுகிறவர்களுக்கானவை. அந்தக் காசில் பெரும்பகுதி பாரத்தைக் குறைப்பதற்கே போகிறது. நாங்கள் காரின் பின்பெட்டியிலிருந்து இறக்கி இருபதடி தூக்கிப்போகப் போகிறோம். பத்துக் கிலோ இருந்தால் என்ன? அந்தக் காசைத் தடிப்பான தரைக்கும் முழு மேல்விரிப்புக்கும் நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரத்துக்கும் கொடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் நோவு. தவழ்ந்து நுழையும் கூடாரத்துக்குள் அவரை எப்படிக் கூட்டிப்போவது? நடுவில் ஆறடியாவது வேண்டும். ஆனால் நாலு சுவரும் செங்குத்தாக வீடுபோல நிற்கும் உயரக் கூடாரங்கள் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும். நடு உயரமாகவும் ஓரங்கள் சரிந்தும் இருப்பதே எங்களுக்குச் சரிவந்தது.

அந்த "6" என்ற எண்ணைப் பற்றி: அது பெரும்பாலும் ஏறக்குறைய 51 சென்ரிமீற்றர் அகலமுள்ள பாய்களை இடைவெளியில்லாமல் அருகருகே போட்டு எண்ணும் கணக்கு. பெட்டிக்கு, தண்ணீர்ப் போத்தலுக்கு, இரவில் எழும்பிப் போகிறவரின் காலுக்கு அதில் இடமில்லை. எங்கள் வீட்டுக் காற்று மெத்தைகள் இரண்டு பேர் படுப்பவை, ஒவ்வொன்றும் 54 அங்குலம். இரண்டு போட்டாலே ஒன்பதடி முடிந்துவிட்டது. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, தரையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் பாருங்கள். வீட்டில் தரையில் நூலால் அதை அளந்து போட்டு, மெத்தையை உள்ளே வைத்துப் பாருங்கள். நாங்கள் அடுத்தமுறை "8" என்று எழுதியதை ஐந்து பேருக்கு வாங்கினோம். அதைவிடப் பெரிதாகவும் வாங்கிவிடாதீர்கள். மரங்களுக்கு நடுவே உள்ள சில இடங்களில் மட்டமான நிலம் அவ்வளவு இருக்காது.

தண்டுகளில் பைபர்கிளாஸ் மலிவு. முறிந்தால் சிம்பு சிம்பாக வெடித்துக் கையைக் கிழிக்கும். அலுமினியம் வளைந்தாலும் அந்த இரவை ஓட்டிவிடலாம். பெட்டியோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேறு ஆணிகள் தனியாக வாங்குங்கள். சான்ட்பாங்ஸ் மணலுக்கு நீளமான அகல ஆணி வேண்டும். கில்பெயார் பக்கம் சில இடங்களில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே கருங்கற்பாறை, எந்த ஆணியும் இறங்காது. அங்கே ஆணியில்லாமலே தண்டில் நிற்கும் கூடாரம்தான் உதவும், கயிறுகளைக் கல்லில் கட்டிக்கொள்ளலாம்.

பிரெஸ்கீலில் தரை நனைந்ததில் எங்கள் பிழையும் உண்டு. கூடாரத்துக்குக் கீழே ஒரு பெரிய தறப்பாள் விரித்திருந்தோம். அது நாலு பக்கமும் ஓரடி வெளியே நின்றது. கூடாரத்தில் வடிந்த மழையை அந்தத் தறப்பாள் ஏந்தி நேராகக் கூடாரத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டது. கீழ்விரிப்பு கூடாரத்தைவிடச் சிறிதாக இருக்கவேண்டும், எந்தப் பக்கமும் வெளியே தெரியக்கூடாது. பிறகு நான் அந்தப் பழைய கூடாரத்தின் தரைத்துணியையே வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, புதிய கூடாரத்துக்கு நாலு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே நிற்கிற மாதிரிக் கீழ்விரிப்பு செய்தேன். இன்றும் அதுதான் பாவிக்கிறோம்.

2021 வசந்தத்தில் புதிய கூடாரம் வாங்கினோம். பழைய மொடல் என்று விலை குறைத்திருந்தார்கள், 350 டொலருக்குள் முடிந்தது. வாங்கியவுடன் பூங்காவுக்குக் கொண்டுபோகவில்லை. அஜாக்ஸில் தம்பி வீட்டுப் பின்வளவில் கட்டி, தோட்டத்துக் குழாயால் அரை மணித்தியாலம் தண்ணீர் அடித்தோம். மூத்தவன் உள்ளே டோர்ச்சோடு இருந்து, எங்கே கசிகிறது என்று சத்தம் வைத்துச் சொல்லவேண்டும். வாசல் தையலில் ஒரேயோர் இடம் கசிந்தது. தையல் அடைக்கும் பசை சின்னக் குழாயில் விற்கிறார்கள், வாங்கிப் பூசிக் காயவிட்டேன். பற்றுச்சீட்டு கையில் இருக்கும்போதே இப்படிப் பார்த்துவிட்டால், பெரிய பிழை இருந்தாலும் திருப்பிக் கொடுக்கலாம்.

அந்த ஓகஸ்டில் அல்கொன்குயின் போனோம். கூடாரம் கட்டி முடிந்ததும் அம்மா சுற்றிவர ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "மண்வெட்டி கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டார். எனக்கு உடனே விளங்கியது. செட்டிகுளத்தில் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித்தான் மழைத்தண்ணீரைத் திருப்பினோம். இங்கே பூங்காவில் நிலத்தை வெட்டக்கூடாது அம்மா, மேடான இடமாகப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறோம், தரைத்துணியும் ஒரு சாண் மேலே ஏறி நிற்கிறது என்று குனிந்து காட்டினேன். அவருக்கென்று உள்ளே ஒரு மடிப்புக் கட்டில் போட்டிருந்தோம், அதன் கால்கள் தரைத்துணியைக் குத்தாமல் இருக்கக் கம்பளத் துண்டுகள் வைத்தோம். இரண்டாம் இரவு மழை வந்தது. நான் நித்திரை கொள்ளவில்லை. மூன்று மணியளவில் அம்மா எழும்பி, கட்டிலில் இருந்தபடியே கையைக் கீழே நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு கையைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

விடிய மேல்விரிப்பின் உட்பக்கம் எல்லாம் ஈரத்துளி. இதுவும் ஒழுகுகிறதோ என்று பயந்துபோனேன். அது மழையில்லை, ஐந்து பேரின் மூச்சு. அல்கொன்குயினில் ஓகஸ்டிலும் இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. குளிர்ந்த துணியில் மூச்சின் ஈரம் படிந்து துளியாகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடிவிட்டால் இன்னும் கூடும். மேலே ஒன்று, கீழே ஒன்று திறந்திருக்கவேண்டும். உள்துணியும் வெளித்துணியும் ஒன்றோடொன்று முட்டாமல் இழுத்துக் கட்டியிருந்தால் அந்த ஈரம் ஆட்கள்மேல் விழாது.

குளிர் என்று சொல்லிக் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ தயவுசெய்து கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. நித்திரையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சாப்பாட்டையும் உள்ளே வைக்காதீர்கள். கறுப்புக் கரடிக்கு மணம் பிடிப்பதில் நாய் தோற்றுவிடும். எங்கள் கருவாட்டுச் சம்பலும் மீன்பொரியலும் வெகுதூரம் மணக்கும். சமைத்த சட்டி, பற்பசை எல்லாம் காருக்குள் பூட்டியிருக்கவேண்டும்.

2022 மே 21ஆம் திகதி, விக்டோரியா தின வார இறுதிச் சனிக்கிழமை, வீட்டில் இருக்கும்போது எல்லாருடைய கைத்தொலைபேசியும் ஒரேயடியாக அலறியது. அன்று தெற்கு ஒன்ராறியோவைக் கடந்த புயலில் விழுந்த மரங்களால் பலர் இறந்தார்கள், முகாமிட்டிருந்த ஒருவரும் அதில் அடக்கம். எந்த விலைக் கூடாரமும் மரத்தைத் தாங்காது. கட்டுமுன் அண்ணாந்து பார்த்து, பட்ட கிளை, சரிந்த மரம் இருந்தால் தள்ளிக் கட்டுங்கள். இடி கேட்டால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு காருக்குள் போங்கள். கார் பக்கத்தில் நிற்பதன் மிகப்பெரிய நன்மை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தபிறகு கூடாரத்தை ஈரத்தோடு பையில் கட்டி வைத்துவிடாதீர்கள். எங்கள் முதல் கூடாரத்தை, மேசையில் விரித்துப் பார்த்தபிறகு அப்படித்தான் இரண்டு கிழமை விட்டேன். கரும்பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஈரத்தில் கிடக்கக் கிடக்கப் பூச்சும் பிசுபிசுத்து, வாந்திபோல மணத்து, செதில் செதிலாக உரியும். அதற்குப் பிறகு அந்தத் துணி மழையைத் தடுக்காது. நாங்கள் நிலக்கீழ் வீட்டில் இருக்கிறோம், பின்வளவு இல்லை. குளியலறைக் கம்பியில் மேல்விரிப்பையும், கதிரைகளுக்கு மேலே உள்கூடாரத்தையும் இரண்டு நாள் போட்டுக் காயவைத்துத்தான் மடிக்கிறோம். கூடாரக் கதவின் சிப்பில் மணல் இருந்தால் பழைய பல்தூரிகையால் தட்டிவிடுங்கள். கூடாரங்களில் முதலில் பழுதாவது சிப்தான், எங்கள் கடைக்கும் அதற்காகத்தான் கொண்டுவருகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கோடைக்கு முன்னால் உங்கள் பத்திரிகையில் எங்கள் ஆட்களின் கடைகளும் கூடார விளம்பரம் போடுகின்றன. எத்தனை பேருக்கு என்ற எண்ணோடு, தரையின் நீள அகலம் எத்தனை அடி, துணி எத்தனை மில்லிமீற்றர் தாங்கும், மேல்விரிப்பு நிலம்வரை வருமா என்ற மூன்றையும் விளம்பரத்தில் போடச் சொல்லி அவர்களிடம் கேளுங்கள். மற்றது, கூடாரமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முகாமிடப் பழக்கும் நிகழ்ச்சிகளைத் தேசியப் பூங்காக்களைப் பார்க்கும் பார்க்ஸ் கனடா நடத்துகிறது. அல்கொன்குயினில் மியூ லேக் என்ற முகாமிடத்தில் கட்டிலோடு கூடிய, யேர்ட் (yurt) எனப்படும் கூடாரம்போன்ற குடில்களும் வாடகைக்கு உண்டு. வயதான பெற்றோரோடு முதல் தடவை போகிறவர்கள் அங்கே தொடங்கலாம். பதிவு தொடங்கும் நாட்களைத் தை மாதத்திலேயே ஒரு மூலையில் தமிழில் போட்டுவிட்டால், ஆங்கிலத் தளங்களில் தேடத் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளிடம் அதைக் காட்டிக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு வாசகி,
ஸ்காபரோ